பூஜ்யத்தின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி

மருந்து அலமாரியின் சாவி இருபத்தாறு வருடமாக ரஸ்மியாவின் கழுத்தில் தொங்கியது. கயிற்றை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவாள். ஸல்ட் நகரத்தின் மேட்டுத் தெருவில், மஞ்சள் கல் கட்டடம் ஒன்றில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் நாற்பத்திரண்டு கட்டில்கள். எந்தக் கட்டிலுக்கு எந்த மாத்திரை, யார் ஒழுங்காக விழுங்குவார், யார் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அப்புறம் பூந்தொட்டியில் துப்புவார் என்பது வரை அவளுக்குத் தெரியும். மருத்துவர் வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அந்தச் சாவிதான் வேலையை நடத்தியது.

மார்ச் மாதம் ஒரு காலை, தலைமை நர்ஸ் மிஸ் இல்ஹாம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். இல்ஹாமுக்கு முப்பத்து நான்கு வயது. கெட்டவள் இல்லை. மேலேயிருந்து ஒரு காகிதம் வந்தால் அதை நடத்தி முடிக்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

"ரஸ்மியாக்கா, உக்காருங்க."

"உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். சொல்லுங்க."

"மருந்து அலமாரியத் தொடறவங்க தவ்ஜீஹி பாஸ் பண்ணியிருக்கணும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க. உங்களுக்கு இன்னும் கணக்கு நிக்குது."

"ஜூலைல எழுதறேன்."

"போன தடவ நாப்பத்தோரு மார்க் வாங்கினீங்க."

"அம்பது போதும். ஒம்போதுதானே குறையுது."

இல்ஹாம் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "ஆகஸ்ட் வரைக்கும் நான் பாத்துக்கறேன். ரிசல்ட் சரியா வரலன்னா சாவியக் குடுத்துட்டு சலவைக்கூடத்துக்குப் போயிடுங்க. அங்க வேல கம்மி. உங்க முட்டிக்கும் நல்லது."

"கம்மியா வேல குடுங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கலயே. முட்டி என்னோடது, அத நான் பாத்துக்கறேன்."

தவ்ஜீஹி என்பது பள்ளியின் கடைசித் தேர்வு. அதை எழுத வேண்டிய வருடத்தில் ரஸ்மியாவுக்குப் பதினேழு வயது. ஜனவரியில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மூன்று அண்ணன்மார்கள் கூடிப் பேசினார்கள். பேசி முடித்தபோது ரஸ்மியாவின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. ஒன்பது வருடம் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். அந்த ஒன்பது வருடத்தில் அம்மாவின் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. பெண் கேட்டு வந்த ஒருவன், கிழவியை மருமகள் யாரிடமாவது விட்டுவிட முடியுமா என்று கேட்டான். அவனுக்குக் காபியில் சர்க்கரை கூடப் போடாமல் கொடுத்து அனுப்பினாள். அம்மா போன பிறகு ஆறு மாதம் நர்ஸ் உதவியாளர் பயிற்சி. பிறகு இந்த இல்லம். பெட் எண் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை.

விதி வந்ததும் ஐம்பத்தோராம் வயதில் தனித்தேர்வராகப் பெயர் கொடுத்தாள். அரபி, மதப் பாடம், வரலாறு எல்லாம் ஒரே மூச்சில் தாண்டினாள். ஆங்கிலத்தில் தடுக்கி எழுந்தாள். கணக்கு மட்டும் நின்றுவிட்டது.

கணக்கு டியூஷனுக்கு அந்த ஊரில் ஒரே பெயர்தான். உஸ்தாத் கைஸ். பிள்ளைகள் வைத்த பெயர் திமிங்கலம். அவனே அதை ஏற்றுக்கொண்டு சுவரொட்டி அடித்திருந்தான்: திமிங்கலத்தின் முதுகில் கோட்டும் டையுமாக அவன் உட்கார்ந்திருப்பான். ஃபலாஃபில் வடைக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. வியாழன் மதியம் பெண்களுக்கு. அறுபது பேர், ஒரு மைக், எண்ணெய் வாசனை. ஒவ்வொருத்தி கையிலும் அவன் அச்சடித்த நோட்ஸ், பன்னிரண்டாம் பதிப்பு, அட்டையில் அதே திமிங்கலம். அந்த அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேருக்குப் பதினெட்டு வயது. ரஸ்மியா முன் வரிசையில் உட்காருவாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு.

ஏப்ரல் கடைசியில் மீப்பெரு முழு எண் சார்பு வந்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே அந்த நாட்டுப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சதுர அடைப்புக்குள் ஓர் எண்ணைப் போட்டால், அதைத் தாண்டாத மிகப் பெரிய முழு எண் வெளியே வரும். 3.7 போட்டால் 3. 3.99 போட்டாலும் 3. சரியாக 4 போட்டால்தான் 4. வரைபடம் போட்டால் கோடு ஏறாது, இறங்காது. ஒரு மட்டத்தில் கொஞ்ச தூரம் போய், அறுந்து, அடுத்த மட்டத்துக்குத் தாவும்.

"மாடிப்படி மாதிரி" என்றான் திமிங்கலம் மைக்கில்.

"மாடிப்படில ஒரு கால் கீழயும் ஒரு கால் மேலயும் வெக்கலாம் உஸ்தாத். இதுல முடியாதே" என்றாள் ரஸ்மியா.

"சரிதான் ஹாஜ்ஜா. அதனாலதான் ஒரு முனைல நிரப்பின புள்ளி, ஒரு முனைல வெற்று வட்டம். படியோட இடது முனை நிரப்பினது, வலது முனை வெற்று. விதி ஒண்ணு. எழுதிக்கோங்க."

இது ரஸ்மியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வார்டில் எழுந்து நடக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துச் சுவரில் மாட்டிய தாளில் குறிக்க வேண்டும். எக்ஸ் மணி நேரம் ஆனபோது எத்தனை முறை புரட்டி முடிந்திருக்கும் என்றால் எக்ஸில் பாதி, அதன் முழு எண். ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடத்தில் பூஜ்யம். இரண்டு மணி அடித்ததும் ஒன்று. அந்த இரண்டாம் மணி புதுப் படிக்குச் சொந்தம். அதனால் இடது முனையில் கறுப்புப் புள்ளி. படியின் நீளம் இரண்டு மணி. ஒன்றரை முறை புரட்டினேன் என்று யாரும் சுவர்த்தாளில் எழுத முடியாது. வீச்சகத்தில், அதாவது வெளியே வரும் விடைகளில், முழு எண்கள் மட்டும் இருப்பது அதனால்தான் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. எக்ஸுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் எல்லாம் தலைகீழ்: வெற்று வட்டம் இடது பக்கம், நிரப்பின புள்ளி வலது பக்கம். விதி மூன்று.

"ஏன் மாறுது?" என்று கேட்டாள் ரஸ்மியா.

"விதி, ஹாஜ்ஜா. மனப்பாடம் பண்ணிடுங்க."

"நான் கேட்டது ஏன்னு."

அறையில் சிரிப்பு ஓடியது. திமிங்கலம் மைக்கை அணைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான். குரலில் இரக்கம் இருந்தது; அதுதான் அவளுக்கு எரிச்சலூட்டியது. "இந்தக் கேள்வி எட்டு மார்க். இத விட்டுடுங்க. சுலபமானதுல அம்பது வாங்கிடலாம். இது உங்களுக்கானது இல்ல."

"நாப்பத்தோரு மார்க் வாங்கினவ எட்டு மார்க்க எப்படி விடறது? அதுவும் எனக்கானது எதுன்னு நான்தானே சொல்லணும்."

ஒரு வாரம் நோட்ஸின் பதினாலாம் கணக்கோடு மல்லுக்கட்டினாள். ஐந்தில் எக்ஸின் பாதியைக் கழி. அதன் முழு எண். எக்ஸ் பூஜ்யத்திலிருந்து பத்து வரை. வரைபடம் போடு, வீச்சகம் சொல், தாவும் புள்ளிகளைச் சொல். நோட்ஸில் விடை இருந்தது. விடையைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் ரஸ்மியா ஊசி மருந்தின் பெயரை மட்டும் பார்த்துப் போடுகிறவள் இல்லை. சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் போடுவாள்.

பதினேழாம் கட்டிலில் அபூ நாஜி இருந்தார். எண்பத்திரண்டு வயது. நாற்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். கால்கள் போய்விட்டன, வாய் போகவில்லை. அவருக்கு மலச்சிக்கல் மருந்து, சின்ன பாட்டில், பத்துக் கரண்டி பிடிக்கும். வேளைக்கு இரண்டு கரண்டி. அன்றைக்குப் புது பாட்டிலைத் தானே திறப்பேன் என்று அடம்பிடித்துத் திறந்து, மூடியில் ஒட்டியிருந்ததை நக்கிவிட்டார்.

"நக்காதீங்க."

"ஒரு சொட்டுதானே பொண்ணே. இன்னும் அஞ்சு வேளைக்கு இருக்கு."

"அஞ்சு இல்ல. முழுசா நாலு வேளைக்குத்தான் இருக்கு."

"ஒரு சொட்டுக்கா ஒரு வேள போச்சு? நீ பாலத்துல சோதன போடற இஸ்ரேல்காரன் மாதிரி கணக்குப் பாக்கற."

"நீங்க தண்ணி லாரி ஓட்டினவர்தானே. வழில ஒரு வாளி இறக்கிட்டு முழு லாரின்னு வித்திருக்கீங்களா?"

"வித்திருக்கேன்."

"வாங்கினவன் ஒத்துக்கிட்டானா?"

"அடிச்சான்."

ரஸ்மியா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அபூ நாஜி வாயைத் திறந்து காத்திருந்து, மறுபடி மூடினார்.

பத்துக் கரண்டி பாட்டில். எக்ஸ் கரண்டி வெளியே போனால் மிச்சம் எத்தனை முழு வேளை? ஐந்தில் எக்ஸின் பாதி போக, அதன் முழு எண். பதினாலாம் கணக்கே கட்டிலில் உட்கார்ந்து மூடியை நக்கிக்கொண்டிருந்தது. திறக்காத பாட்டிலில் ஐந்து வேளை. ஒரு சொட்டு போனதும் நான்கு. அந்த நான்கு, சரியாக இரண்டு கரண்டி தீரும் வரை நான்கேதான். இரண்டு தீர்ந்த நொடியிலும் நான்கு முழு வேளை அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு சொட்டு போனால்தான் மூன்று. அதனால் இரண்டில் இருக்கும் கறுப்புப் புள்ளி நான்காம் மட்டத்துக்குச் சொந்தம், அதன் வலது முனை. செய்து முடித்ததை எண்ணினால் புள்ளி இடப்பக்கம் விழும். மிச்சம் இருப்பதை எண்ணினால் வலப்பக்கம். விதி மூன்று என்பது இவ்வளவுதான். இதைச் சொல்ல அந்த ஆளுக்கு மைக் எதற்கு?

அபூ நாஜிக்கு மருந்தைக் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, காய்ச்சல் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாள். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். ஐந்து படிகள், ஒவ்வொன்றும் இரண்டு கரண்டி நீளம். பிறகு இடது ஓரத்தில், எக்ஸ் பூஜ்யமாக இருக்கும் இடத்தில், ஐந்தாம் மட்டத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குப் படி கிடையாது. மூடி திறப்பதற்கு முந்தைய பாட்டில் அது.

"என்ன படம் அது?" என்றார் அபூ நாஜி.

"உங்க பாட்டில்."

"மேல ஈ உக்காந்திருக்கே."

"ஈ இல்ல. அதுதான் நீங்க நக்கறதுக்கு முன்னாடி இருந்தது."

நோட்ஸைப் பிரித்து ஒப்பிட்டாள். படிகள் எல்லாம் சரி. இடது ஓரத்தில் நான்காம் மட்டத்தில் ஒரு வெற்று வட்டம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீச்சகம்: 0, 1, 2, 3, 4. ஐந்தைக் காணோம். பூஜ்யம் தாவும் புள்ளி என்றும் போடவில்லை. விதி மூன்றை மனப்பாடமாகப் போட்ட கை, இடது முனையில் வெற்று வட்டம் வைத்துவிட்டு நகர்ந்திருந்தது. அந்த முனையில் பாட்டில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். ஐந்து இல்லைதான்.

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியதும் கையைத் தூக்கினாள்.

"உஸ்தாத், பதினாலாவது கணக்கு தப்பு."

ஃபலாஃபில் கடையில் எண்ணெய் பொரியும் சத்தம் மாடி வரை கேட்டது.

"எங்க தப்பு, ஹாஜ்ஜா?"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல. என் பேரு ரஸ்மியா. எக்ஸ் பூஜ்யம்னா விடை என்ன?"

"கழித்தல் குறி இருந்தா இடது முனை வெற்று. விதி மூணு. எல்லாரும் சொல்லுங்க."

அறுபதில் ஐம்பத்தொன்பது குரல் விதி மூன்றைச் சொன்னது.

"நான் விதியக் கேக்கல. பூஜ்யத்தக் கேட்டேன். அஞ்சுல பூஜ்யம் போனா எத்தன?"

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் தன்னையறியாமல், "அஞ்சு" என்றாள்.

திமிங்கலத்தின் பேனா வெள்ளைப் பலகையில் நின்றது. பேச்சு போனவர்களின் முகத்தைப் படித்தே பிழைத்தவள் ரஸ்மியா. அவன் பார்த்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் பலகையிலிருந்து திரும்பியபோது முகத்தில் வேறு எதையோ மாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ளி மேல தனியா நிக்குமா? படி எதுவும் இல்லாம?"

"நிக்கும். ஏன் நிக்கக் கூடாது?"

"இது பன்னண்டாவது பதிப்பு. தெக்க அக்கபாலேர்ந்து வடக்க இர்பித் வரைக்கும் பசங்க கைல இருக்கு. அத்தன பேருக்கும் தெரியாதது உங்களுக்கு எங்க தெரிஞ்சது?"

"மலச்சிக்கல் மருந்துல."

அறை அதிர்ந்தது. பெண்கள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். திமிங்கலம் மைக்கிலேயே சிரித்தான். ரஸ்மியா எல்லோரும் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள். வார்டில் இதைவிட அசிங்கமான சத்தங்களை நின்று கேட்டிருக்கிறாள்.

"பூஜ்யம் போட்டுப் பாக்கறதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும் உஸ்தாத்" என்றாள் மறுபடியும்.

"நேரம் இல்ல. பதினஞ்சாவது கணக்கு."

வகுப்பு முடிந்ததும் அவனே அவளிடம் வந்தான், மைக் இல்லாமல். "கேளுங்க. இந்த வகைக் கேள்வி இந்த வருஷம் நிச்சயம் வரும். என் நோட்ஸ்ல இருக்கற மாதிரி எழுதுங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரு மாதிரி எழுதி நீங்க மட்டும் வேற மாதிரி எழுதினா, திருத்தறவன் யாரத் தப்புன்னு நினைப்பான்? உங்களுக்கு ஒவ்வொரு மார்க்கும் வேணும்."

"வேணும். அதுக்காக இல்லாதத எழுத முடியாது."

"இருக்கறத விடறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஒரு புள்ளிதானே."

"அத நீங்க விடுங்க. நான் விடல."

படியிறங்கும்போது பக்கத்து இருக்கைப் பெண் தீமா கூடவே வந்தாள். மருத்துவப் படிப்புக்குத் தயாராகிறவள். நகம் முழுக்கக் கடித்துக் குதறியிருப்பாள். ரஸ்மியாவைச் சித்தி முறை வைத்து காலா என்றுதான் கூப்பிடுவாள்.

"காலா, நீங்க சொன்னதுதான் சரி. நான் போட்டுப் பாத்தேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"நான் அவர் சொன்ன மாதிரிதான் எழுதப் போறேன். ஒரு புள்ளிக்காக மெடிக்கல் போச்சுன்னா எங்கப்பா என்ன உயிரோட விடமாட்டார்."

"நாளைக்கு டாக்டராகி, பக்கத்து டாக்டர் எழுதினதப் பாத்து ஊசி போடுவியா?"

ரஸ்மியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு மணிக்குப் புரட்ட வேண்டிய ஆட்கள் மூன்று பேர்.

ஜூன் கடைசி வாரத்தில் மிஸ் இல்ஹாம் செப்டம்பருக்கான வேலைப் பட்டியலைப் பலகையில் எழுதினாள். சலவைக்கூடம் என்பதற்கு நேரே ரஸ்மியாவின் பெயர். ரஸ்மியா அதைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத் துணியால் துடைத்தாள். துணியைப் பிழிந்துவிட்டு இருபத்து மூன்றாம் கட்டிலுக்குப் போனாள்.

"அத யார் அழிச்சது?" என்று இல்ஹாம் வார்டு நடுவில் நின்று கேட்டாள்.

"நான்தான். ஆகஸ்ட்னு சொன்னீங்க. இன்னும் ஜூலையே பொறக்கல."

"முன்கூட்டியே எழுதினாத்தானே ஆள் போட முடியும்."

"முன்கூட்டி எழுதினா முன்கூட்டி அழிப்பேன்."

அபூ நாஜி போர்வைக்குள்ளிருந்து இருமுவதுபோல் சிரித்தார். இல்ஹாம் மறுபடி எழுதவில்லை. ஆனால் அந்த வரியைக் காலியாகவே விட்டுவைத்தாள்.

தேர்வு நாள். காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்கள் பள்ளி ஒன்றில் மையம். தாய்மார்கள் வாசலில் குர்ஆனும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார்கள். காவலுக்கு நின்ற ஆசிரியை ரஸ்மியாவைப் பார்த்து, "பொண்ண உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய நில்லுங்க, உம்மா" என்றாள். ரஸ்மியா அடையாள அட்டையை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "பொண்ணு நான்தான்."

நான்காம் கேள்வி அதுதான். மூன்றில் எக்ஸின் கால் பங்கைக் கழி. அதன் முழு எண். எக்ஸ் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை. வரைபடம், வீச்சகம், தாவும் புள்ளிகள்.

மூன்று வேளை மருந்துள்ள பாட்டில், வேளைக்கு நான்கு கரண்டி. படிகளைப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை. பூஜ்யத்துக்குப் பிறகு நான்கு வரை இரண்டாம் மட்டம். எட்டு வரை ஒன்று. பன்னிரண்டு வரை பூஜ்யம். வலது முனைகளில் கறுப்பு, இடது முனைகளில் வெற்று.

பேனா அங்கே நின்றது. ஐம்பது வேண்டும். இதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் ஐம்பதை ஒட்டித்தான் வந்தது, அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். இடப்பக்கம் தீமாவின் முதுகு தெரிந்தது. அந்த அறையில் இருபத்தைந்து பேர், எல்லோரும் இப்போது இடது ஓரத்தில் வெற்று வட்டம் வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். திருத்துகிறவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு திமிங்கலத்திடம் படித்தவராக இருக்கலாம். சலவைக்கூடத்தின் ஈரமும் கொதிநீர் ஆவியும் ஒரு கணம் அவள் முகத்தில் அடித்தன. அங்கே போனால் அபூ நாஜிக்கு யார் மருந்து கொடுப்பார்கள், மூடியை நக்க விடுவார்களா என்றுகூட நினைத்தாள்.

பிறகு மூன்றாம் மட்டத்தில், அச்சின் மேலேயே, பேனாவை அழுத்தி ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள். தாளின் மறுபக்கம் வரை மை ஊறியது. வீச்சகம்: 0, 1, 2, 3. தாவும் புள்ளிகள்: 0, 4, 8. எழுதிவிட்டு அதன் கீழே கேட்காத ஒரு வரியும் சேர்த்தாள்: "எக்ஸ் = 0 என்று போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றும் போகவில்லை."

வெளியே வந்தால் திமிங்கலம் நின்றுகொண்டிருந்தான். அது அவன் வழக்கம். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வாசலில் குடை நட்டு, சில்லென்ற தண்ணீர் கொடுத்து, பலகையில் விடைகளை எழுதுவான். சுற்றிலும் நூறு பிள்ளைகள் ஃபோனில் படமெடுத்தார்கள். நான்காம் கேள்விக்கு வீச்சகம் 0, 1, 2 என்று எழுதியிருந்தான். தன் கணிப்பு பலித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

ரஸ்மியா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய முழங்கை.

"உஸ்தாத், மூணு எங்க?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். "ஹாஜ்ஜா, அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்."

"பொறுமை நெறய இருக்கு. பேனாவக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து, நோயாளிகளின் துணியில் பெயர் எழுதும் தடித்த மார்க்கரை எடுத்து, அவன் பலகையில் இடது ஓரத்தில் மூன்றாம் மட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அந்த மை மூன்று முறை வெளுத்தாலும் போகாது.

"நீங்க எழுதினதும் இதுதானா?" என்றான் திமிங்கலம்.

"இதேதான்."

"அப்போ அடுத்த வருஷமும் வகுப்புல பாப்போம்."

"எனக்கு இடம் போட்டு வைக்காதீங்க. வேற யாராவது உக்காரட்டும்."

யாரோ ஒரு பையன் சிரித்தான். யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று தெரியவில்லை. ரஸ்மியா சாலையைக் கடந்து பஸ் ஏறினாள். பன்னிரண்டு மணிப் புரட்டல் தவறியிருக்கும். இரண்டு மணிக்காவது போய்ச் சேர வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. காலையிலிருந்தே ஊரில் கார் ஹாரனும் வாணவேடிக்கையும். மேட்டுத் தெரு வழியாகப் பிள்ளைகள் கார் ஜன்னலில் உட்கார்ந்து கத்திக்கொண்டு போனார்கள். பயந்துபோன கிழவிகளை ஒவ்வொருத்தியாகச் சமாதானம் செய்துவிட்டு, முப்பத்தோராம் கட்டிலைத் துடைத்துக் குளிப்பாட்டி, குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் தடவி, அதன் பிறகுதான் ரஸ்மியா கையைக் கழுவினாள்.

மிஸ் இல்ஹாம் ஏற்கெனவே கணினி முன்னால் இருந்தாள். "நம்பரச் சொல்லுங்க, அக்கா. எனக்குக் காலைலேர்ந்து சோறு இறங்கல."

"உங்களுக்கு ஏன் இறங்கல?"

"தெரியல."

நம்பரைப் போட்டாள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. கணக்கு: ஐம்பத்து மூன்று. தேர்ச்சி.

இல்ஹாம் எழுந்து கட்டிக்கொண்டாள். ரஸ்மியா ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு விலகினாள். "செப்டம்பர் பட்டியல்ல காலியா ஒரு வரி இருக்கு. ஆளப் பாருங்க."

மறுநாள் தீமா ஃபோன் செய்தாள். மருத்துவத்துக்குப் போதுமான மார்க் வந்துவிட்டது. நான்காம் கேள்வியில் இரண்டு மார்க் போய்விட்டதாம். திருத்துகிற இடத்தில் வேலை பார்க்கும் மாமா சொன்னாராம், திருத்துகிறவர்களுக்குக் கொடுத்த மாதிரி விடைத்தாளில் அந்தப் புள்ளி இருந்ததாம். "நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும் காலா" என்றாள் தீமா. "தெரிஞ்சுதானே போச்சு" என்றாள் ரஸ்மியா. அந்த இரண்டு மார்க் இல்லாவிட்டாலும் தனக்கு ஐம்பத்தொன்று வந்திருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். எழுதும்போது அது தெரியாது, அவ்வளவுதான்.

அக்டோபரில் பதின்மூன்றாம் பதிப்பு வந்தது. புத்தகக் கடைக்காரன் மேசையில் வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தாள். பதினாலாம் கணக்கின் மேல், பூஜ்யத்துக்கு நேரே, சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. வீச்சகத்தில் ஐந்து சேர்ந்திருந்தது. யார் சொல்லிச் சேர்த்தது என்று எங்கும் இல்லை. புத்தகத்தை மூடி அதே இடத்தில் வைத்தாள். பன்னிரண்டாம் பதிப்பு வீட்டில் இருந்தது, நல்ல கெட்டித்தாள். பக்கங்களைக் கிழித்து, மருந்து அலமாரியில் சிரப் பாட்டில் ஒழுகும் தட்டுகளில் விரித்தாள்.

சான்றிதழ் வந்த அன்று மிஸ் இல்ஹாம் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றாள். ரஸ்மியா மறுத்துவிட்டாள். மருந்து அலமாரியைத் திறந்து, கதவின் உள்பக்கத்தில் நான்கு மூலையிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். மூடினால் தெரியாது.

"அங்க ஒட்டினா மேலேயிருந்து வர்றவங்க எப்படிப் பாப்பாங்க?" என்றாள் இல்ஹாம்.

ரஸ்மியா அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைக் கழுத்துக்குள் போட்டாள்.

"பாக்கணும்னா என்கிட்ட வந்து சாவி கேக்கட்டும்."